வீட்டில் ஆக்சலாட்டல்: சில்லர் முதலில், பிராணி கடைசியில்

மைன்கிராஃப்டில் 2021-ல் ஆக்சலாட்டல் வந்தாலும் வந்தது, பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் "அதை வாங்கித் தாங்க" என்ற நச்சரிப்பும் கூடவே வந்துவிட்டது. இளஞ்சிவப்பு உடம்பு, தலையின் இரு பக்கமும் இறகுபோல விரியும் செவுள்கள், எந்நேரமும் சிரிப்பதுபோல ஒரு வாய். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் தங்கமீனை வாங்குவதுபோல ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ப் பையில் போட்டு வருகிற சங்கதி இல்லை இது. பிராணியின் விலையைவிட, சில்லர் என்ற குளிர்விக்கும் கருவி வைத்துத் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் செலவுதான் பெரிது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வாழும், அத்தனை வருடமும் அந்தச் செலவு தொடரும். அதனால்தான் இங்கே பிராணியை வாங்கும் கட்டத்தை ஆகப் பின்னால் தள்ளியிருக்கிறேன். வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான் சித்திரை வெயிலில் "சாப்பிட மாட்டேங்குது, மேலேயே மிதக்குது, என்ன செய்ய?" என்று கேட்டு வருகிறார்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஆக்சலாட்டல் மீன் அல்ல, சாலமாண்டர் இனம். தவளை, தேரைபோல நீரிலும் நிலத்திலும் வாழும் கூட்டத்தைச் சேர்ந்தது. மற்ற பல சாலமாண்டர்கள் சிறு வயதில் தண்ணீரில் இருந்துவிட்டு, செவுள் உதிர்ந்து கரையேறிவிடும். இது கரையேறாது. செவுளும் வால்துடுப்புமாகவே 20 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, அந்தக் கோலத்திலேயே முட்டையும் போடும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தென்புறமுள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். இயற்கையில் மிச்சமிருப்பதும் அங்கே மட்டும்தான். நகரம் ஏரிகளை விழுங்கியது போக மிஞ்சியதைச் சாக்கடைத் தண்ணீரும், வளர்ப்புக்கென்று விடப்பட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும் பார்த்துக்கொண்டன. 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை 2014 கணக்கெடுப்பில் 36-க்கு வந்துவிட்டன. மெக்சிகோ தன் 50 பெசோ நோட்டில் இதன் படத்தைப் போட்டிருக்கிறது, கால்வாயில் இறங்கித் தேடினால் கண்ணில் படுவது அரிது. வீட்டுத் தொட்டிகளில் இருப்பவை தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. 1864-ல் 34 உருப்படிகள் பாரிஸுக்குப் போயின, அங்கே பெருகியவற்றின் வாரிசுகள் ஐரோப்பா முழுக்கப் பரவின.

வளர்ப்பவருக்கு இதில் முக்கியமான தகவல் உயரம். சோச்சிமில்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் ஊட்டியும் அதே உயரம்தான். ஊட்டித் தண்ணீரில் இருக்கவேண்டிய ஒன்றைச் சென்னையிலோ மதுரையிலோ வளர்க்கப் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் தானாகப் புரியும்.

காசு கொடுப்பதற்கு முன் சட்டம்

அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் இருக்கிறது. இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்தப் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவேண்டும். 2024-ல் வந்த விதிகள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், கைக்கு வந்த 30 நாளுக்குள் பதியச் சொல்கின்றன. விற்பவரிடம் பில்லும், எங்கே பிறந்தது என்ற விவரமும் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இதை வைத்திருப்பதே குற்றம்.

முதல் வேலை: குளிர்ச்சி

இதற்கு ஏற்ற தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை சமாளிக்கும். 22-ஐத் தாண்டினால் வாடும். 24-க்கு மேல் நாள் கணக்கில் இருந்தால் நோய் வந்து சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதே நேரத்தில் பிராணியின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, பூஞ்சையும் பாக்டீரியாவும் கொழிக்கின்றன. மூன்றும் ஒன்றாகத் தாக்கும்.

"ஒரு சின்ன ஃபேன் வெச்சா போதும்ணே" என்று சிலர் சொல்வார்கள். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் அதோடு நின்றுவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஃபேன் எத்தனை சுற்றினாலும் கோடையில் 18 டிகிரி கனவுதான். ஐஸ் பாட்டில் போடுவது அவசரத்துக்கு உதவும், தினசரி ஏற்பாடாக வேண்டாம். காலையில் 19, மதியம் 26 என்று ஏறி இறங்குவது ஒரே சீராகக் கொஞ்சம் சூடாக இருப்பதைவிட மோசம். ஏசி அறையில் வைத்தாலும் 24 மணி நேரமும் ஓடவேண்டும், அப்போதுகூடத் தண்ணீர் 22, 23-க்குக் கீழே இறங்குவது கஷ்டம்.

ஆகவே சமவெளி ஊர்களில் சில்லர் வேண்டும். ஃபிரிட்ஜில் இருப்பதுபோலக் கம்ப்ரசர் வைத்ததுதான் வேண்டும், கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும், மலிவாகக் கிடைக்கும் பெல்டியர் வகை நம் வெயிலுக்குப் போதாது. கடையில் "எத்தனை லிட்டருக்கு?" என்று மட்டும் கேட்காமல், "அறை வெப்பத்திலிருந்து எத்தனை டிகிரி இறக்கும்?" என்று கேளுங்கள். அறை 34, வேண்டியது 18 என்றால் 16 டிகிரி இறக்கவேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் இதைவிடக் குறைந்த இறக்கத்துக்குப் போட்டதாக இருக்கும். ஒரு அளவு பெரியதாக எடுப்பது நல்லது. சின்ன சில்லர் நிற்காமல் ஓடிக் கரண்ட் பில்லை ஏற்றிவிட்டுச் சீக்கிரமே பழுதாகும்.

சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் கக்கும். அதனால் மூடிய அலமாரிக்குள்ளோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள், காற்று போய்வர இடம் விடுங்கள். தொட்டியின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் சில்லரின் வேலை பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஈரக்காற்று உள்ள ஊரில் 18 டிகிரி தொட்டியின் வெளிக்கண்ணாடி வியர்க்கும். குளிர்ந்த சோடா பாட்டிலை வெளியே எடுத்து வைத்ததுபோல முத்து முத்தாகத் திரண்டு, கோடாக வழிந்து, ஸ்டாண்டின் விளிம்பில் தேங்கும். பிளைவுட் ஸ்டாண்ட் ஒரு மழைக்காலம் தாங்காது, ஊதிவிடும். இரும்பு ஸ்டாண்ட் போடுங்கள். வயர்களைப் பிளக்குக்கு நேராக இழுக்காமல், பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

தொட்டியும் உள்ளே போடும் சாமான்களும்

ஒரு ஆக்சலாட்டலுக்கு 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம், அதாவது சுமார் 85 லிட்டர் தொட்டி குறைந்தபட்சம். அகலம் ஒன்றரை அடி இருந்தால் இன்னும் வசதி. இது அடியில் நடக்கிற பிராணி, உயரமான தொட்டியால் அதற்குப் பயனில்லை. மூடி கட்டாயம், சில நேரம் துள்ளி வெளியே விழும்.

அடியில் கூழாங்கல் போடாதீர்கள். இது இரையைக் கடித்து மெல்லாது. வாயைப் படக்கென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். பக்கத்தில் கல் கிடந்தால் அதுவும் உள்ளே போகும், குடலில் அடைத்துக்கொள்ளும். தொட்டியை வெறும் கண்ணாடியாக விடுங்கள், அல்லது 1 மி.மீ.க்கும் சன்னமான மணல் போடுங்கள். 12 செ.மீ. வளரும்வரை மணல்கூட வேண்டாம். வெறும் கண்ணாடியில் கால் வழுக்கும், அதற்கு வழவழப்பில்லாத டைல்ஸ் ஒன்றிரண்டு போட்டால் போதும்.

ஒளிந்துகொள்ள இரண்டு இடமாவது வேண்டும். நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டோ, விளிம்பைத் தேய்த்து மழுக்கிய மண்சட்டியோ போதும். கண்ணுக்கு இமை கிடையாது, வெளிச்சம் பிடிக்காது. அதனால் தொட்டி விளக்கை மறந்துவிடுங்கள். செடி ஆசை இருந்தால் வெளிச்சம் அதிகம் கேட்காத அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி வையுங்கள்.

ஃபில்டர் நன்றாகச் சுத்தம் செய்யவேண்டும், ஆனால் நீரோட்டம் மெதுவாக இருக்கவேண்டும். சில்லருக்குத் தண்ணீர் தள்ள மோட்டாரோ, தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரோ எப்படியும் வேண்டும். திரும்பி வரும் குழாயில் ஓட்டை போட்ட ஸ்ப்ரே பார் மாட்டிக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிவிட்டால் வேகம் உடைந்துவிடும். உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் மாட்டுங்கள், இல்லாவிட்டால் செவுள் இழைகள் மாட்டிக்கொள்ளும். கூடவே ஒரு சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டரும் ஓடட்டும்.

தண்ணீரைப் பழக்குவது

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி-குளோரின் மருந்து போடாமல் தொட்டியில் ஊற்றக்கூடாது. அதில் கற்றாழைச் சாறு கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், கலந்திருந்தால் வேண்டாம். போர்வெல் தண்ணீராக இருந்தால் வேறு பிரச்சினை: உப்பும் கடினத்தன்மையும். ஆக்சலாட்டலுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர் பிடிக்கும், 125 முதல் 250 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை நல்லது. நம் போர்களில் அது எக்கச்சக்கமாக இருப்பதுண்டு. அப்போது ஆர்ஓ தண்ணீரைக் கலந்து இறக்கலாம். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் தாதுச்சத்தே இருக்காது, அதுவும் கெடுதல். பி.ஹெச். 7.4 ஒட்டி இருந்தால் நிம்மதி.

அப்புறம் சைக்கிளிங். புதியவர்கள் தாண்டிக் குதித்துப் போகும் படி இதுதான். பிராணியின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஃபில்டரில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் பெருக 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் உயிர் எதுவும் வேண்டாம்.

செய்முறை இதுதான். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, வாசனையோ சோப்போ கலக்காத திரவ அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2 பி.பி.எம். அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றிரண்டு நாளுக்கொரு முறை திரவ டெஸ்ட் கிட்டில் பாருங்கள், காகிதப் பட்டை வகையை நம்பாதீர்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். 2 பி.பி.எம். அம்மோனியா விட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

நம் ஊரில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. இந்த பாக்டீரியாக்களுக்கு வெதுவெதுப்பு பிடிக்கும். அதனால் சைக்கிளிங் முடியும்வரை சில்லரைப் போடவேண்டாம், 28, 30 டிகிரியிலேயே விடுங்கள், வேகமாக முடியும். முடிந்ததும் சில்லரைப் போட்டு நாளுக்கு இரண்டு மூன்று டிகிரியாக இறக்குங்கள். 18-க்கு வந்தபின் அந்த 24 மணி நேரச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். குளிரில் பாக்டீரியா மந்தமாகும், மந்தமானபிறகும் தாக்குப்பிடிக்கிறதா என்று தெரியவேண்டும். கடைசியில் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பி.பி.எம்.-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் தொட்டி வேலை முடிந்தது.

சரி, இப்போது பிராணி வாங்கலாம்.

கடையில் பார்க்கவேண்டியவை

7, 8 செ.மீ.க்குக் குறைவான குஞ்சு வேண்டாம், புதியவர் கையில் அவை தேறுவது கடினம். செவுள் இழைகள் அடர்த்தியாக இருக்கவேண்டும். வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒட்டி இருக்கவேண்டும். அடியில் நின்று நடக்கிறதா, மேலே மிதந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரலோ காலோ குறைந்திருந்தால் பயப்படவேண்டாம். சிறுசுகள் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும், போன கால் மீண்டும் முளைத்துவிடும். உலகெங்கும் ஆய்வகங்கள் இதை வளர்ப்பதே அந்த வித்தைக்காகத்தான். "என் முன்னாடி ஒரு தீனி போடுங்க" என்று கடைக்காரரிடம் கேளுங்கள், சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெள்ளை, தங்க நிறம், கறுப்பு, காட்டு நிறம் எல்லாவற்றுக்கும் வளர்ப்பு ஒன்றுதான். நிறத்துக்காக அதிக விலை கொடுப்பது அவரவர் இஷ்டம்.

கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியில், ஏசி வண்டியில், விடியற்காலையில் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கொரு முறை தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பிராணியை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவேண்டாம். அன்று தீனியும் வேண்டாம்.

தீனி

மண்புழுதான் முதல்தரம். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு வேறு எதுவும் இல்லாமல் மண்புழு மட்டும் கொடுத்தே வாழ்நாளைக் கழிக்கலாம். மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் கிடைக்கும், ஆனால் எந்தப் புழு என்று பார்த்து வாங்கவேண்டும். உரக்குழிகளில் பெரும்பாலும் இரண்டு வகை வளர்க்கிறார்கள். ஐசீனியா என்பது சிறியது, சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாக இருக்கும், தொட்டால் மஞ்சள் திரவம் கசியும். அந்தக் கசப்பு ஆக்சலாட்டலுக்கு ஆகாது. ஒரே இழுப்பில் உள்ளே போன புழு அடுத்த நொடி துப்பலோடு வெளியே வரும், பிராணி தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும். யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழு பெரியது, ஊதா கலந்த பழுப்பு நிறம், இதை ஆக்சலாட்டல் விரும்பித் தின்னும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் புழு மட்டும் வேண்டாம்.

புழுவை நன்றாகக் கழுவி, குஞ்சுகளுக்குத் துண்டாக்கி, முனை மழுங்கிய இடுக்கியால் வாய்க்கு முன்னால் ஆட்டிக் காட்டுங்கள். பார்வை மந்தம். மோப்பத்தாலும் தண்ணீரின் அசைவாலும்தான் இரையை அறியும். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததுக்கு இரண்டு மூன்று நாளுக்கொரு முறை. கடைகளில் கிடைக்கும் உறைந்த ரத்தப்புழு சின்னக் குஞ்சுகளுக்கு நல்லது. மூழ்கும் பெல்லட் அவசரத்துக்கு ஆகும். சாக்கடை ஓரம் பிடித்து விற்கும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கூட்டிவரும். கோழி, ஆட்டு இறைச்சி செரிக்காது. சின்ன மீன்களைத் தீனியாக விட்டால் ஒட்டுண்ணி வரும், அந்த மீன்கள் இதன் செவுளைக் கொத்தவும் செய்யும். மீன்களைத் துணைக்கு விடவும் கூடாது.

அன்றாட வேலை

காலையில் தெர்மோமீட்டரைப் பாருங்கள். அடியில் கிடக்கும் எச்சத்தையும் தின்னாத புழுவையும் பெரிய பிளாஸ்டிக் டிராப்பரால் உறிஞ்சி எடுங்கள். வாரம் ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டு, நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதால் முந்தின இரவே ஒரு கேன் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றும்போது அளவு பார்த்துக் கலந்துகொள்ளலாம். ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியா குளோரினில் செத்துவிடும். எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள். கையில் தூக்கிக் கொஞ்சுவது, பிள்ளைகளிடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம். எலும்புக்கூட்டில் குருத்தெலும்பு அதிகம், தோல் மெல்லியது.

மின்தடைக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வையுங்கள். சில்லர் நின்றாலும் தெர்மாகோல் சுற்றிய தொட்டி சட்டென்று சூடாகாது, ஃபில்டர் நின்றால்தான் பாக்டீரியா மூச்சுத்திணறும். ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் எப்போதும் உறைந்து கிடக்கட்டும்.

உடம்பு சரியில்லை என்றால்

செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தால் நீரோட்டம் அதிகம் அல்லது வேறு ஏதோ தொந்தரவு. வால் நுனி கொக்கிபோலச் சுருண்டிருந்தாலும் அப்படியே. செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் பூஞ்சை. எதுவானாலும் முதல் வேலை மருந்து தேடுவது அல்ல. தண்ணீரின் வெப்பம், அம்மோனியா, நைட்ரைட் மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பிராணியைத் தனி டப்பாவில், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரில் விட்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுவது பல தொல்லைகளைத் தீர்க்கும். பூஞ்சைக்கு அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கரைத்து, பத்து நிமிடம் மட்டும் அதில் விட்டு எடுக்கலாம். அதற்குமேல் போனால் தோலும் செவுளும் புண்ணாகும். மீன்களுக்கு விற்கும் மருந்துகளை, குறிப்பாகச் செம்பு அல்லது மாலக்கைட் கிரீன் சேர்ந்தவற்றை, தொடாதீர்கள். தோல் வழியாகவே எல்லாம் உள்ளே போய்விடும். இரண்டு மூன்று நாளில் தேறாவிட்டால் இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைப் பிராணி வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடி வேண்டுமா?

தனியாக இருப்பதில் இதற்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இரண்டு வளர்ப்பதாக இருந்தால் தொட்டி பெரியதாகவும், இரண்டும் ஒரே அளவாகவும், ஒரே பாலாகவும் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்பது ஒரு வயதை ஒட்டித்தான் தெரியும். வாலடியில் புடைப்பு இருந்தால் ஆண். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு ஈட்டுக்கு நூற்றுக்கணக்கில் முட்டை, சில நேரம் ஆயிரம்கூட. பெண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. வேண்டாத முட்டைகளை முதல் ஒன்றிரண்டு நாளிலேயே ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், ஆயிரம் குஞ்சுக்குத் தினமும் உயிருள்ள தீனி போட யாராலும் முடியாது.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். சமவெளியில் விட்டால் சூட்டில் சாகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விட்டால் பிழைத்துக்கொண்டு அங்குள்ள தவளைக் குஞ்சுகளைத் தின்னும், புது நோயையும் பரப்பலாம். சில்லர் வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுங்கள், கைமாறிய விவரத்தைப் பரிவேஷிலும் பதிந்துவிடுங்கள்.